பல கைகள் பட்ட ஒற்றைத் தோட்டா ரைஃபிள்: சேகரிப்பவருக்கும் சீர்செய்பவருக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

மேஜை மேல் ஒரு வின்செஸ்டர் 1885 இருக்கிறது என்று வையுங்கள். ரிசீவர், அதாவது குழலும் இயங்கும் பாகங்களும் பொருந்தும் இரும்புக் கூடு, தொழிற்சாலையில் செய்தது. குழல் வேறொருவரின் கைவேலை. மரக்கட்டையை மூன்றாவது ஆள் செதுக்கியிருக்கிறார். குழலின் மேல்புறத்தில் நான்கு சிறிய திருகுத் துளைகள். பிற்காலத்தில் யாரோ டெலஸ்கோப் மாட்டுவதற்காகப் போட்டவை. இதைப் பார்த்ததும் புதிதாக வருபவர்கள் கேட்பது, "இதை எப்படிப் பழையபடி தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவருவது?" என்றுதான். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: "இதில் எந்தக் கை எதைச் செய்தது, எப்போது செய்தது?" அதற்குப் பதில் தெரியும்வரை ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டாம். மாற்றியமைத்த ரைஃபிளில் அந்த மாற்றம்தான் வரலாறு. அதை அழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது பாதி பழையதும் பாதி போலியுமான ஒரு பொருள்.

ஏன் இவற்றை இவ்வளவு மாற்றினார்கள்

அமெரிக்காவில் ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் பொற்காலம் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய முப்பது, நாற்பது ஆண்டுகள். ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக், ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு 1873, மார்லின் கம்பெனி செய்த பாலார்டு, ஸ்டீவன்ஸ் ஐடியல், அப்புறம் வின்செஸ்டர் 1885. கடைசியாகச் சொன்னது ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பு. 1879-இல் அவர் காப்புரிமை பெற்றார், 1883-இல் வின்செஸ்டர் அதை வாங்கியது. ரிசீவரின் பக்கச் சுவர் உயர்ந்திருந்தால் ஹை வால், தாழ்ந்திருந்தால் லோ வால் என்பார்கள்.

இவற்றின் உள்ளமைப்பு மிக எளிமையானது. ஷார்ப்ஸ், பாலார்டு, வின்செஸ்டர் போன்றவற்றில் லீவரைக் கீழே தள்ளினால் குழலின் பின்புறத்தை அடைக்கும் பிளாக் என்ற இரும்புத் துண்டு இறங்கும், தோட்டாவை வைக்கலாம், லீவரை மூடினால் பிளாக் ஏறி அடைத்துக்கொள்ளும். குழல் திருகித்தான் பொருத்தப்பட்டிருக்கும். ஆக, நல்ல ரிசீவர் ஒன்று கிடைத்தால் கைதேர்ந்த ஒருவர் தன் குழலைத் திருகி, தன் கட்டையைப் பொருத்தி, புது ரைஃபிளே செய்துவிடலாம். செய்யத் தூண்டியது போட்டிகள். 1874-இல் நியூயார்க் அருகே கிரீட்மூர் மைதானத்தில் அமெரிக்க அணி ஐரிஷ் அணியை 934-க்கு 931 என்று மூன்றே புள்ளியில் வென்றது. 800, 900, 1000 கஜம் தூரம். ஐரிஷ்காரர்கள் கையில் குழல் வாய் வழியாக நிரப்பும் ரிக்பி ரைஃபிள்கள், அமெரிக்கர்கள் கையில் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். அந்த நாளுக்குப் பிறகு பின்புறம் நிரப்பும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் மேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இன்னொரு பக்கம் ஜெர்மானியக் குடியேறிகள் தொடங்கிய ஷூட்சன் கழகங்கள். 200 கஜத்தில், நின்றபடி, கையில் தாங்கிச் சுடுவது அவர்கள் வழக்கம். அதற்காகவே கனத்த குழல், உள்ளங்கைத் தாங்கி, தோளைக் கவ்வும் கொக்கி போன்ற பின்தகடு, தொட்டாலே விடுபடும் செட் டிரிகர் எல்லாம் வந்தன.

முதல் வேலை: கைகளை அடையாளம் காண்பது

மாற்றங்களை நான் மூன்று வகையாகப் பிரிப்பேன்.

ஒன்று, அந்தக் காலத்துப் பெயர்பெற்ற கைவினைஞர்கள் செய்தவை. டென்வரில் கார்லோஸ் கோவ், ஜார்ஜ் ஷோயன், ஆக்ஸல் பீட்டர்சன், சிரக்யூஸில் சிஷாங், ஷார்ப்ஸ் பிளாக்கையே திருத்தியமைத்த செயென் நகரத்து ஃப்ராய்ண்ட் சகோதரர்கள். எல்லோருக்கும் மேலே ஹாரி போப். ஹார்ட்ஃபர்டில் தொடங்கி, சில ஆண்டுகள் ஸ்டீவன்ஸ் கம்பெனியில் குழல் செய்து, 1906-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்க் கடை போட்டார். உடனே வந்த பூகம்பமும் தீயும் அந்தக் கடையை விழுங்கின. பிறகு ஜெர்சி சிட்டியில் நிலைத்து, 1950-இல் இறக்கும்வரை அந்த ஊரோடுதான் அவர் பெயர் சேர்ந்திருந்தது.

போப் குழலின் முறையைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையில் பாதி புரிந்த மாதிரி. ஈய ரவை குழல் வாய் வழியாக உள்ளே போகும். மருந்து நிரப்பிய தோட்டாக் கூடு பின்புறம் வழியாகப் போகும். ரவையை முன்னாலிருந்து தள்ளும்போது அதன் அடிப்பாகம் பிசிறில்லாமல் இருக்கும். குறி துல்லியமாக அமைய ரவையின் அடிப்பாகம்தான் முக்கியம். முன்னாலிருந்து தள்ளும்போது குழல் வாய் தேயாமலிருக்க ஒரு பொய்வாய் உண்டு. குழல் இரும்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி, ஊசிகளால் மறுபடி பொருத்தி, இரண்டுக்கும் சேர்த்தே உள்ளே புரி, அதாவது ரவையைச் சுழல வைக்கும் சுருள் பள்ளங்கள், வெட்டுவார்கள். எனவே ஒரு குழலின் பொய்வாய் இன்னொரு குழலுக்குச் சேராது. தொலைந்தால் தொலைந்ததுதான். போப் ரைஃபிள் ஒன்று உங்கள் முன் வந்தால் பொய்வாய், ரவையைத் தொடங்கித் தள்ளும் கருவி, ரவை அச்சு ஆகியவை கூடவே இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். இவை அடங்கிய சிறு பெட்டியோடு வரும் ரைஃபிளும் அது இல்லாமல் வருவதும் இரண்டு வேறு பொருள்கள்.

போப் பெயரைப் போலியாகப் பொறிப்பவர்களும் உண்டு. எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அவருடைய வழக்கமான வேலையில் எட்டுப் பள்ளங்கள், இடப்பக்கமாகச் சுழலும் புரி, வாயை நெருங்க நெருங்க வேகம் கூடும் சுழற்சி இருக்கும். பொறித்த எழுத்தின் பள்ளத்துக்குள் சுற்றியுள்ள இரும்பின் அதே பழமை நிறம் இருக்க வேண்டும். எழுத்து மட்டும் பளிச்சென்று கூராக இருந்து சுற்றுப்புறம் மங்கியிருந்தால் விலகிவிடுங்கள்.

இரண்டாவது வகை, 1920 முதல் 1940கள் வரை சிறு விலங்கு வேட்டைக்காக மாற்றியவை. ஹை வால், லோ வால் ரிசீவர்களில் வேகமான சிறிய தோட்டாக்களுக்குக் குழல் மாட்டினார்கள். மிச்சிகனின் டவேஜாக்கில் இருந்த நீட்னர் போன்றவர்களின் வேலை இதில் வந்தால் அதற்கும் தனி மதிப்பு உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இவற்றை "கெடுக்கப்பட்டவை" என்று ஒதுக்கினார்கள். அது தவறான பார்வை என்பது என் உறுதியான கருத்து. இவையும் இன்று ஒரு காலத்தின் சாட்சிகள்.

மூன்றாவது, பெயரில்லாத பழுதுபார்ப்பு. உடைந்த கட்டைக்குத் தகரம் சுற்றியது, காணாமல் போன குறிநோக்கிக்குப் பதில் காசைத் தட்டிச் செய்தது. புதிதாகச் சேகரிப்பவர் தொடங்க வேண்டிய இடம் இதுவும் இரண்டாவது வகையின் பெயரில்லாத வேலைகளும்தான். போப்பில் தொடங்காதீர்கள்.

வாங்கும் முன் சட்டம்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 ஒரு கோடு. அந்த ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது பழம்பொருள் என்ற வகையில் வரும். கணக்கு ரிசீவர் செய்யப்பட்ட ஆண்டுக்குத்தான், பிறகு மாட்டிய குழலுக்கு அல்ல. 1899-இலோ அதற்குப் பிறகோ செய்ததென்றால் சாதாரணத் துப்பாக்கி போலவே கருதப்படும். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டவற்றை வாங்கச் சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு, மூன்று ஆண்டுக்கு 30 டாலர். ஆனால் அது மூல நிலையில் உள்ளவற்றுக்கே. நம் துறையில் பலரும் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் நாம் தேடுவதே மாற்றியமைத்தவற்றை. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பணம் கொடுக்கும் முன் எழுத்துமூலம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வரிசை எண் வின்செஸ்டரில் கீழ் வாலில், அதாவது டிரிகருக்குப் பின்னால் கட்டைக்கு அடியில் ஓடும் இரும்புப் பட்டையில் இருக்கும். ஷார்ப்ஸ் 1874 மாடலில் மேல் வாலில். வயோமிங்கின் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த ரைஃபிள் எந்தக் குழலோடு, எந்த டிரிகரோடு, எந்த நாளில் வெளியே போனது என்பதைப் பதிவில் உள்ளபடி கடிதமாகத் தருவார்கள். தொழிற்சாலையின் வேலை எங்கே முடிந்து மற்றக் கைகள் எங்கே தொடங்கின என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

வீட்டுக்கு வந்ததும்

லீவரைத் திறந்து அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். அது போதாது. குழல் வாய் வழியாக ரவை போகும் ரைஃபிள்களில் அறை காலியாக இருந்தும் குழலின் நடுவில் நூறாண்டுப் பழைய ரவை இருக்கலாம். ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழல் வாய் வழியாக விட்டு, பின்புறம் வெளியே வருகிறதா பாருங்கள். வந்த பிறகே அடுத்த வேலை.

அப்புறம் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் படம் பிடியுங்கள். ஒவ்வொரு திருகின் தலையும், அதன் கீறல் எந்தத் திசையில் நிற்கிறது என்பதும் பதிவாக வேண்டும். துளைகள், அடையாளங்கள், கட்டையின் விரிசல், எல்லாம்.

பிரிப்பது

கெட்டுப்போன திருகுத் தலை போல என்னை வருத்தும் காட்சி வேறில்லை. கடையில் வாங்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும்; திருகும்போது மேலேறி வந்து கீறலின் விளிம்பைச் சிதைத்துவிடும். நுனியின் இரு பக்கமும் இணையாக இருக்கும்படி அரைத்த ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பழைய திருகுகளின் கீறல் மெல்லியது, ஆகவே ஒவ்வொன்றுக்கும் நுனியை அரைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்ப்பவர் இந்தத் துறைக்கு வராமலிருப்பது ரைஃபிள்களுக்கு நல்லது. இறுகிய திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் வையுங்கள். தினமும் ஒரு சொட்டு. பிறகும் அசையாவிட்டால் சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகுத் தலைமேல் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு முயலுங்கள்.

ஹை வாலில் முன்கட்டையை முதலில் கழற்றுங்கள். பழையவற்றில் தட்டையான முதன்மை ஸ்பிரிங் குழலின் அடியில் உட்கார்ந்திருக்கும், அதைத் தளர்த்திவிட்டே மேலே போக வேண்டும். லீவரின் பெரிய ஊசியை ஒரு சின்னத் திருகு பூட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஊசியைச் சுத்தியால் அடித்தவர்களின் தடயத்தைப் பல ரிசீவர்களில் பார்த்திருக்கிறேன். கழற்றிய ஒவ்வொரு திருகையும் தனித்தனிச் சிறு பையில் போட்டு எந்தத் துளை என்று எழுதுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், அந்தக் காலத்தில் ஒவ்வொன்றையும் அதனதன் துளைக்கென்றே அரைத்துப் பொருத்தினார்கள்.

குழலைத் திருகிக் கழற்றத் தோன்றும். அவசியம் இல்லாமல் வேண்டாம். சரியான பிடிப்புக் கருவி இல்லாமல் முயன்றால் ரிசீவர் நெளியும், எண்கோணக் குழலின் விளிம்பு நசுங்கும்.

அறையை அளப்பது

குழலில் என்ன பொறித்திருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கிறது என்று நம்பக் கூடாது. மாற்றியமைத்த ரைஃபிளில் இது உயிர் காக்கும் விதி. பெயர்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்: .45-70 என்றால் ஓர் அங்குலத்தின் நூறில் நாற்பத்தைந்து பங்கு விட்டம், 70 கிரெய்ன் கருமருந்து, அதாவது நாலரை கிராம். .32-40, .38-55 எல்லாம் இதே கணக்கு. ஆனால் .25-20 என்று பொறித்தால் அது இரண்டு வேறு தோட்டாக்களில் ஒன்றாக இருக்கலாம்: நீண்டு மெலிந்த சிங்கிள் ஷாட் வகை, அல்லது பிறகு வந்த குட்டையான வின்செஸ்டர் வகை. ஒன்றின் அறைக்கு மற்றது பொருந்தாது. இதைவிட ஆபத்து .22 டபிள்யூ.சி.எஃப். (வின்செஸ்டர் சென்டர் ஃபயர்). கருமருந்துக் காலத்துச் சாதுவான தோட்டா அது. அதன் கூட்டிலிருந்துதான் பின்னாளில் அதிக அழுத்தமுள்ள .22 ஹார்னெட் பிறந்தது. இரண்டும் அளவில் அவ்வளவு நெருக்கம் என்பதால், பழைய அறைக்குள் புதிய தோட்டா போய் உட்கார்ந்துகொள்ளும் என்றே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அறையை வார்த்து எடுங்கள். செரோசேஃப் என்ற கலவை உலோகம் 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். அறைக்குச் சற்று முன்னால் குழலைத் துணியால் அடைத்து, உருக்கி ஊற்றுங்கள். முதல் அரைமணியில் அது கொஞ்சம் சுருங்கும், அந்த நேரத்தில் வெளியே தள்ளிவிடுங்கள். பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேரம் ஆனபோது அறையின் உண்மையான அளவில் நிற்கும். அப்போது அளந்து எழுதுங்கள். அதில் ஈயமும் காட்மியமும் உண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், கையைக் கழுவுங்கள்.

குழலின் விட்டத்துக்கு, எண்ணெய் தடவிய தூய ஈய ரவை ஒன்றை மெல்லத் தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கலாம். எட்டுப் பள்ளம், ஆறு பள்ளம் என்றால் எதிரெதிரே பள்ளம் இருக்கும், சுலபம். ஸ்பிரிங்ஃபீல்டு 1873 போல மூன்று பள்ளம் இருந்தால் எதிரே மேடு வந்துவிடும், சாதாரண மைக்ரோமீட்டர் ஏமாற்றும்.

குழலின் உள்ளே

கறுத்துப்போன குழலைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். பல நேரம் அது துரு அல்ல, ஈயமும் பழைய மருந்துப் படிவும்தான். ஊடுருவும் எண்ணெயில் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையால் பின்புறத்திலிருந்து தேயுங்கள். வாய்ப்பக்கத்திலிருந்து தேய்த்தால் கம்பி உரசிக் குழல் வாய் கெடும். அழுக்குத் துணியை ஒவ்வொன்றாக மேஜையில் வரிசையாக வைத்தால் நிறம் மாறுவது தெரியும். சுட்ட பிறகான சுத்தத்துக்கு வெந்நீர்தான் மருந்து. கருமருந்தின் உப்பும், மருந்தைப் பற்றவைக்கும் பழைய கேப்புகளின் உப்பும் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் மட்டும் போட்டு வைத்ததால் அழிந்த குழல்கள் ஏராளம். நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெய்.

குழல் உள்ளே முற்றிலும் அரித்துப்போயிருந்தால், துளைத்துப் புதுக் குழாயைச் செருகும் லைனர் முறை இருக்கிறது. பெயரில்லாத குழலுக்கு அது நல்ல வழி, வெளித்தோற்றம் அப்படியே இருக்கும். போப், ஷோயன் குழல்களுக்கு ஒருபோதும் வேண்டாம். அங்கே மதிப்பு எல்லாம் அந்தத் துளைக்குள்தான்.

இரும்பின் மேல்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு லோ வாலின் ரிசீவரை நான் பளபளப்பாகத் தேய்த்துவிட்டேன். சாம்பலும் பழுப்பும் கலந்து கிடந்த அந்த நிறத்தை அழுக்கு என்று நினைத்தேன். தேய்த்து முடித்தபோது, பக்கவாட்டில் மங்கலாக இருந்த கேஸ்-ஹார்டனிங் வண்ணத்தின், அதாவது இரும்பின் மேற்பரப்பைக் கடினமாக்கும்போது வரும் வண்ணத்தின், கடைசி எச்சமும் போயிருந்தது. இன்றும் அந்த ரைஃபிளை எடுக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. எனவே சொல்கிறேன்: சிவப்புத் துருவை மட்டும் நீக்குங்கள், பழமை நிறத்தை விடுங்கள். நிறைய எண்ணெய், மிக மெல்லிய 0000 இரும்புக் கம்பளி, லேசான கை. வண்ணம் மிச்சமிருக்கும் இடத்தில் கம்பளியும் வேண்டாம், எண்ணெய்த் துணி போதும்.

பஃபிங் சக்கரம் பக்கமே போகாதீர்கள். எண்கோணத்தின் கூர் மழுங்கும், திருகுத் துளையைச் சுற்றிக் குழி விழும், எழுத்து கரையும். யாராவது முன்பே செய்திருந்தால் இந்த மூன்று அடையாளத்தில்தான் கண்டுபிடிப்பீர்கள். மறுபடி நிறம் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் பழைய முறையான துருநீலம் இருக்கிறது: மெல்லிய துரு ஏற வைத்து, கொதிநீரில் போட்டு அந்தச் சிவப்புத் துருவைக் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றி, கம்பளியால் தடவிவிட்டு, மீண்டும் மீண்டும் செய்வது. சூடான உப்புக் கரைசலில் முக்கும் நவீன முறை இந்த ரைஃபிள்களின் தோற்றத்துக்கே பொருந்தாது. ஈயப்பற்று வைத்து ஒட்டிய பாகங்களையும் அரித்துவிடும்.

டெலஸ்கோப் துளைகளுக்குத் தலையில்லாத அடைப்புத் திருகு போட்டு விடுங்கள். வெல்டிங் வைத்து மூடித் தேய்த்தால் அந்த இடம் என்றைக்கும் காட்டிக்கொடுக்கும்.

மரம்

உப்புத்தாளுக்கும் வால்நட் கட்டைக்கும் பகை. ஒரு முறை தேய்த்தாலே மரம் இரும்பின் விளிம்புக்குக் கீழே இறங்கிவிடும், பின்தகடு நீட்டிக்கொண்டு நிற்கும். அதைத் திரும்ப வளர்க்க முடியாது. நசுங்கல்களுக்கு ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஆவி கொடுத்தால் நார்கள் எழும்பும். ரிசீவரையொட்டிய இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தால், சுண்ணத்தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசி உலரவிடுங்கள். தூள் எண்ணெயை உறிஞ்சும். பல முறை செய்ய வேண்டும். எண்ணெய் போன பிறகே விரிசலுக்குப் பசை பிடிக்கும். மேலே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், சில சொட்டு மட்டும், உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து, ஒரு நாள் விட்டு மறு பூச்சு. அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

சுடலாமா

கருமருந்துக் காலத்துக் குழல் இரும்பு மென்மையானது. புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்காக அதைச் செய்யவில்லை. பழைய ரைஃபிள்களில் கேப்பை அடிக்கும் ஊசி வெளிவரும் துளையும் பெரிதாக இருக்கும், அதிக அழுத்தத்தில் கேப் கிழிந்து வாயு முகத்தை நோக்கிப் பின்னால் வரும். இந்த வகை ரைஃபிள் தெரிந்த கன்ஸ்மித் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, கருமருந்தும் மென்மையான ஈய ரவையும் மட்டும். கண்ணாடி அணியாமல் வேண்டாம்.

வைப்பது

தோல் உறையில் வைக்காதீர்கள். தோலைப் பதனிட்ட பொருள் ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். காற்றின் ஈரப்பதம் 45, 50 சதவீதத்தில் நிற்கும் அறை நல்லது. இரும்பின்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு, கையில் பருத்திக் கையுறை. நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையையும் தேதியோடு நோட்டில் எழுதி, மாற்றிய பழைய பாகங்களை ஒரு பெட்டியில் ரைஃபிளோடேயே வையுங்கள். இப்போது உங்கள் கையும் அதில் பட்ட கைகளில் ஒன்று. அடுத்து வாங்குபவர் எது யாருடையது என்று தேடி அலைய வேண்டியிருக்காது. முதல் மாதம் வாரம் ஒரு முறை எடுத்து, குழல் கட்டையைத் தொடும் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். புதுத் துரு வந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.